"ரெடியானதும் கூட்டிட்டு வாங்க"

ஆட்டிசம் உள்ள நான்கைந்து வயதுக் குழந்தையை அழைத்துக்கொண்டு பள்ளிச் சேர்க்கைக்குப் போகும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் தெரபி குடுங்க. ரெடியானதும் கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா சேர்த்துக்கறோம்." சொல்கிறவரிடம் வெறுப்பு இருக்காது, பெரும்பாலும் அக்கறையோடுதான் சொல்வார். அவர் மனதில் ஓடும் நியாயம் இது: நாற்பது பிள்ளைகள் கூச்சலிடும் வகுப்பில் இந்தக் குழந்தை திணறிப்போகும், ஆசிரியருக்கு இதற்கான பயிற்சி கிடையாது, மற்றப் பிள்ளைகளின் பாடம் கெடும், அமைதியான இடத்தில், விவரம் தெரிந்தவர்களிடம் உட்காரவும் பேசவும் எழுதவும் ஓரளவு பழகிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் நல்லது, அதுவும் முடியாதென்றால் இருக்கவே இருக்கிறது ஸ்பெஷல் ஸ்கூல். மருத்துவர்கள் சிலரும் தெரபிஸ்ட்கள் பலரும் வீட்டுப் பெரியவர்களும் இதையே சொல்ல, கடைசியில் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கும், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கும் சிறு மாறுதல்களோடு இதே தீர்ப்புதான். இந்தக் கருத்து தவறு. பள்ளிக்குத் தயாராவது குழந்தையின் கடமை என்று அது தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்துக்குச் சட்டத்திலும் ஆதாரம் இல்லை, ஆய்வுகளிலும் இல்லை.

'ரெடி' என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டுப் பார்த்தால் வரும் பட்டியல் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு பீரியட் முழுக்க இடத்தில் உட்கார வேண்டும். பெயர் சொன்னால் திரும்பிக் கண்ணைப் பார்க்க வேண்டும். கையை உதறக் கூடாது, சத்தம் எழுப்பக் கூடாது. கழிப்பறைக்குத் தானே போய்வர வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுத வேண்டும். கழிப்பறைப் பழக்கத்தைத் தவிர மற்றவையெல்லாம் பெரியவர்களின் வசதிக்கானவை; இவற்றில் எதுவுமே கற்றல் ஆகாது. கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும், ஒலியும் ஒளியும் அளவுமீறி உள்ளே பாயும்போது அந்தக் குழந்தை தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. அதைத் தடுத்தால் அதன் முழு ஆற்றலும் கையை அடக்குவதிலேயே தீரும், பாடத்துக்கு மிச்சமிருக்காது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு நினைவாற்றல் பணிகள் கொடுத்தபோது, ஏடிஎச்டி உள்ளவர்கள் எவ்வளவு அசைந்தார்களோ அவ்வளவு நன்றாகச் செய்தார்கள். மற்றச் சிறுவர்களுக்கு அப்படி இல்லை. ஆக, "ஆடாம உக்காருடா" என்று அதட்டுகிற ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அந்தப் பிள்ளை யோசிப்பதற்கு இருந்த வழியை அடைக்கிறார்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பிறரோடு தொடர்புகொள்ளவே வராது என்ற எண்ணமும் இந்தப் பட்டியலுக்கு அடியில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை? பிரிட்டனில் 2020-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போகச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை எவ்வளவு தங்கியதோ, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் அவ்வளவுதான் தங்கியது. இரு தரப்பாரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. அதே குழுவினர் 2025-இல் இன்னும் அதிகமானவர்களைக் கொண்டு செய்த சோதனையில் கலந்த வரிசையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதல் முடிவை எடுத்துக்கொண்டாலும் இரண்டாவதை எடுத்துக்கொண்டாலும், குறை முழுக்க ஆட்டிசம் உள்ளவர் பக்கம்தான் என்ற கணக்கு நிற்கவில்லை. இவை பெரியவர்களிடம் செய்த சோதனைகள். குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் ஒரு நான்கு வயதுக் குழந்தை கண்ணைப் பார்க்கவில்லை என்பதற்காகக் கதவை மூடுகிறவர்களிடம் இந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

சரி, பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அந்தத் திறன்களைப் பள்ளிக்கு வெளியே கற்றுக்கொண்டு வர முடியுமா? தெரபி அறையில் முக்கால் மணி நேரம். எதிரே ஒரே ஒரு பெரியவர். அந்தக் குழந்தைக்கென்றே ஒழுங்குசெய்யப்பட்ட மேசை, விளக்கு, பொருட்கள். அங்கே முறைவைத்துப் பந்து உருட்டப் பழகிய குழந்தையால், மணி அடித்ததும் முப்பது பேர் ஒரே குழாயடிக்கு ஓடும் இடத்தில் தன் முறைக்குக் காத்திருப்பதை அங்கிருந்து கொண்டுவர முடியாது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கடினம் என்பது தெரபிஸ்ட்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். அப்படியிருக்க, வகுப்பறையில் இருக்கப் பழகுவதற்கு வகுப்பறையைவிட்டு விலக்கி வைப்பது என்ன முறை? நான் தெரபிக்கு எதிராகப் பேசவில்லை. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் பல குழந்தைகளுக்குப் பேருதவி செய்கின்றன. அவை பள்ளிக்குத் துணையாக இருக்க வேண்டியவை, நுழைவுச் சீட்டாக ஆகக் கூடாது. நுழைவுச் சீட்டானால் என்ன நடக்கும் என்பதை யுனெஸ்கோ 2019-இல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது: மாற்றுத்திறன் கொண்ட ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை; 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 27 விழுக்காட்டினர் பள்ளிக்கே போனதில்லை. வறுமையும் தூரமும் போக்குவரத்தும் இதற்குக் காரணங்கள்தான். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்ற பதிலும் அவற்றோடு சேர்ந்த காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்துப் போனால் அதே பள்ளி "வயசு கூடிப்போச்சே" என்கிறது. அதற்குள் அம்மா வேலையை விட்டிருப்பார். நகரத்துத் தெரபி மையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு பார்த்துக் குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு.

இதில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2018-இல் பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பல்வல், காங்க்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பரிசோதித்தது. காது, கண் குறைபாடுகளையும் வலிப்பு நோயையும் சேர்த்து நரம்பு வளர்ச்சி தொடர்பான ஏதேனும் ஒரு நிலை, ஆறு முதல் ஒன்பது வயதினரில் சுமார் 13.6 விழுக்காட்டினருக்கு இருக்கிறது என்பது அதன் மதிப்பீடு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஐந்து பேர். அதாவது, 'சேர்க்கலாமா வேண்டாமா' என்று யோசிக்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் வைக்கப்படவில்லை, அவ்வளவே. இல்லை, வேறு பெயர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன: சோம்பேறி, வாலு, மக்கு, திமிர். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி இவர்கள் மேல்தான் அதிகம் பிரயோகமாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடைசெய்த பிறகும் இதுதான் நிலை. தயாராகிவிட்டு வா என்று வாசலில் நிறுத்தப்படுவது கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்ட சிலர் மட்டுமே. பள்ளி தன்னைத் தயார்செய்துகொண்டால் அந்தச் சிலரோடு உள்ளே இருக்கும் இந்த ஐந்து பேரும் பிழைப்பார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் வலுவானது இது: சிறப்புப் பள்ளியில்தான் இவர்கள் அதிகம் கற்பார்கள், உணர்ச்சிவசப்பட்டுப் பொதுப்பள்ளியில் தள்ளாதீர்கள். இதற்கு வசதியான ஆய்வுகளை மட்டும் அடுக்கிப் பதில் சொல்வது நேர்மையாகாது. 2022-இல் காம்ப்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட முறையான தொகுப்பாய்வு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொதுவகுப்பில் சேர்ப்பதால் அவர்களின் படிப்பு சராசரியாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றுதான் முடிக்கிறது. ஒரு பிள்ளைக்கு நன்மையாக இருந்தது இன்னொரு பிள்ளைக்கு இல்லை. ஆய்வுகளின் தரமும் சமமாக இல்லை. சேர்த்தலை ஆதரிக்கிறவர்கள் இந்த முடிவைப் பேசாமல் கடந்துபோவதைப் பார்க்கிறேன். பேச வேண்டும். ஏனென்றால் இதை நிதானமாகப் படித்தால் அது பிரித்துவைப்பவர்களின் வாதத்தைத்தான் சாய்க்கிறது. ஒரு குழந்தையைத் தெருப் பிள்ளைகளிடமிருந்தும் அண்ணன் தங்கை படிக்கும் பள்ளியிலிருந்தும் பிரித்து, தினமும் ஒன்றரை மணி நேரம் வேனில் ஏற்றி, தனியிடத்தில் வைக்கச் சொல்கிறவர்தான் அதற்குரிய பலனைக் காட்டக் கடமைப்பட்டவர். தனியிடத்தில் சராசரியாகக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்றால் அந்தப் பிரிவினைக்கு நியாயம் எங்கே மிச்சமிருக்கிறது? மேலும், அந்தத் தொகுப்பில் வரும் 'சேர்த்தல்' எல்லாம் ஒரே தரத்தது கிடையாது. துணையாசிரியரும் பாடமாற்றமும் கொடுத்துச் சேர்த்த வகுப்பும், கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோன வகுப்பும் சராசரிக் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன.

மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பது அடுத்த மறுப்பு. பெற்றோர் கூட்டங்களில் இதைத்தான் உரக்கச் சொல்கிறார்கள். தனியார் பள்ளிகள் அஞ்சுவதும் இதற்குத்தான். இது ஆராயப்பட்ட கேள்வி. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கிடைத்த முடிவுகளில் 81 விழுக்காடு, மற்ற மாணவர்களுக்குப் பாதிப்பில்லை அல்லது நன்மை உண்டு என்றே இருந்தன. மிச்சமுள்ள பத்தொன்பது விழுக்காட்டைக் காட்டி வாதிடலாம். ஆனால் கூடப் படிப்பவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைந்தது என்ற காரணத்துக்காக வேறு எந்தப் பிள்ளையையாவது பள்ளியைவிட்டு நீக்கக் கேட்போமா? முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்தபோதும் தரம் குறையும் என்ற இதே பேச்சு தமிழ்நாட்டில் எழுந்தது. அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நம்மில் பாதிப்பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்திருப்போம். ஒரு நாடே இதைச் செய்துபார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இத்தாலி இருக்கிறது. 1977-இல் இயற்றிய 517-ஆம் எண் சட்டத்தின் மூலம் தனி வகுப்புகளை அது ஒழித்தது. மாற்றுத்திறன் பிள்ளை இருக்கும் வகுப்பில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. ஆதரவு ஆசிரியர் என்ற பணியிடத்தை உருவாக்கி, அவரை அந்தக் குழந்தைக்கு மட்டும் என்றில்லாமல் வகுப்பு முழுமைக்கும் உரியவராக்கியது. அங்கும் பயிற்சி பெற்ற ஆதரவு ஆசிரியர்கள் போதவில்லை என்ற புகார் ஓயவில்லை. ஆனால் அரை நூற்றாண்டு நெருங்கியும் தனி வகுப்புகளுக்குத் திரும்புவோம் என்று அந்த நாடு முடிவெடுக்கவில்லை.

"எல்லாம் சரி, எங்க வகுப்புல நாப்பது பேர், நான் ஒருத்தி" என்று ஆசிரியர் சொன்னால் அதற்கு முன்னால் தத்துவம் பேசக் கூடாது. அது உண்மையான சுமை. ஆனாலும் 'வகுப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று அந்தக் குரலில் ஒலிப்பதை ஏற்க முடியாது. வரிசையாக பெஞ்ச், எதிரே கரும்பலகை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் என்பது இயற்கை விதி கிடையாது. தமிழ்நாடே அதை ஒருமுறை கலைத்துப்போட்டது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-க்குள் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தங்கள் அட்டையைத் தாங்களே எழுந்துபோய் எடுத்தார்கள். அவரவர் வேகத்தில் படி ஏறினார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஆளுக்கொரு கரும்பலகை இருந்தது. எழுந்து நடப்பது அங்கே குற்றமாக இல்லை, வேலையின் பகுதியாக இருந்தது. அது செயல்பட்ட விதத்தில் குறைகள் பல. ஆசிரியர்களுக்குப் பதிவேட்டு வேலை கூடியது, அட்டைகள் கிழிந்தால் மாற்று வரவில்லை. ஆனால் ஏடிஎச்டி உள்ள ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்க வகுப்பை வடிவமைப்பது கடினம். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித்தரும் அதே எண்ணம் இருக்கிறது. நாற்பது பேரை நாற்பது விதமாக நடத்த முடியாது என்று சொல்லும்போது, லட்சக்கணக்கான பிள்ளைகளை மூன்று நான்கு விதமாக நடத்திப் பழகிய மாநிலம் இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

டிஸ்லெக்சியாவை எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டாம் வகுப்பில் 'கொடி' என்று எழுதச் சொல்கிறார்கள். பிள்ளையின் காதில் விழுவது முதலில் 'க்', அதன் பின் 'ஒ'. கை எழுத வேண்டியதோ முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் தலைகீழ்; ஓர் ஒலிக்கான குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இதோடு, பேச்சில் பல ஊர்களில் வேறுபாடே கேட்காத ல, ள, ழ; ர, ற; ந, ன, ண. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் இன்னொன்று. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குள் இதையெல்லாம் தங்களுக்கே தெரியாமல் கடந்துவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கிவிழுகிறது. 'கடெி' என்றோ 'காடெ' என்றோ எழுதும். ஐம்பது முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் அந்தத் தவறை ஐம்பது முறை பழகும். அதற்குத் தேவையான மாற்றம் அப்படியொன்றும் பெரியதில்லை. கொம்புக் குடும்பத்து எழுத்துகளைத் தனியாக எடுத்து, குறிகளை வேறு நிற அட்டைகளில் வெட்டி, கையால் நகர்த்திச் சேர்த்துப் பார்க்க விட வேண்டும். மணலிலும் சிலேட்டிலும் பெரிதாக எழுத விட வேண்டும். முன்தயாரிப்பு இல்லாமல் வகுப்பு முன் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லக் கூடாது. பாடம் புரிந்ததா என்பதை வாய்மொழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் மற்ற முப்பத்தொன்பது பேருக்குக் கெடுதல் செய்யாது. ஒற்றைக்கொம்பில் தடுமாறும் இன்னும் பத்துப் பேருக்கு உதவும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இதே போலத்தான். அன்றைய நாளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டுவது, மணி அடிக்கும் முன் சொல்லிவைப்பது, ஸ்பீக்கர் அலறும் காலை வழிபாட்டில் ஓரமாக நிற்க விடுவது, காதை மூடும் ஹெட்போனை அனுமதிப்பது, திணறும்போது போய் உட்கார ஒரு மூலை. இவற்றுக்கு ஆகும் செலவைவிட ஆண்டுவிழா மேடையலங்காரத்துக்கு ஆகும் செலவு அதிகம்.

ஆனால் அட்டையும் படமும் போதாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பெரியவர் வகுப்பில் வேண்டும், அவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இங்கே என் கோபம் ஆசிரியர்மேல் இல்லை, அரசுகள்மேல். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புத் தேவை மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்துக் கொடுத்தது. நடைமுறையில் வட்டார வள மையத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார். ஒரு பிள்ளையை அவர் மறுபடி பார்ப்பதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. ஆளே போடாமல் பிள்ளையை மட்டும் வகுப்பில் விட்டால் அது கைவிடுதல். அதைச் சேர்த்தல் என்று யாரும் அழைக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பரிகாரம் ஆளைப் போடுவதுதான். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது எப்படிப் பரிகாரமாகும்? கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் பிள்ளைகளை வீட்டில் கணக்குப் படித்துவிட்டு வரச் சொல்வதில்லையே. தனியார் பள்ளிகள் கண்டுபிடித்திருக்கும் வழி இன்னும் மோசம்: வகுப்பில் பிள்ளையின் கூடவே இருக்கும் ஷேடோ டீச்சரைப் பெற்றோரே தேடிப்பிடித்து, சம்பளமும் கொடுத்து அழைத்துவர வேண்டும். கட்டணமும் வாங்கிக்கொண்டு, கற்பிக்கும் பொறுப்பையும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது.

நிபுணர்கள் மட்டுமே கையாள முடியும் என்ற அச்சமும் அளவுமீறியது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான பரிசோதனையில், ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்கள் பங்கேற்றன. சிறப்புப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற பணியாளர்கள், குழந்தையின் சைகைகளைக் கவனித்து அதற்கேற்பப் பேசப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பதில்கொடுக்கும் விதம் தெளிவாக மேம்பட்டது; குழந்தைகள் தாமாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. நம் அங்கன்வாடிப் பணியாளர்களும் இடைநிலை ஆசிரியர்களும் அந்தப் பணியாளர்களைவிடக் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காதது தொடர்ந்த பயிற்சியும், சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆளும்.

தேர்வுச் சலுகைகளைப் பற்றிய முணுமுணுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் கிடைக்கின்றன. அறிவியல் தேர்வு அறிவியலை அளக்க வேண்டும். கையெழுத்து வேகத்தை அளக்கக் கூடாது. கண்ணாடி போட்டுத் தேர்வெழுதுபவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு திசையில் இருக்கிறது: சான்றிதழ் இல்லாமல் சலுகை இல்லை, அந்தச் சான்றிதழ் இருப்பதே தெரியாமல் பத்தாம் வகுப்பில் தோற்று நிற்கும் கிராமத்துப் பிள்ளைகள்தான் அதிகம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து 21 ஆக்கி, ஆட்டிசத்தையும், டிஸ்லெக்சியா அடங்கும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. ஏடிஎச்டி அதில் இல்லை. வகுப்பறையில் அதிகம் அடி வாங்கும் பிள்ளைகள் சட்டத்தின் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தப் பட்டியல் திருத்தப்பட வேண்டும்.

பொதுப்பள்ளியில் கேலிக்கு ஆளாவார்கள், பாதுகாப்பு இருக்காது என்று பெற்றோரே அஞ்சுவதை மட்டும் நான் மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது அனுபவத்தின் அச்சம். கேலி நடக்கிறது, அடி விழுகிறது, பேசத் தெரியாத குழந்தை வீட்டில் வந்து சொல்லவும் முடியாது. ஆனால் கேலி செய்யும் பிள்ளைகள் அந்தக் குழந்தையை மாலையில் தெருவிலும், பத்தாண்டு கழித்து பேருந்திலும், இருபதாண்டு கழித்து வேலையிடத்திலும் சந்திக்கத்தான் போகிறார்கள். ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் பழகிக்கொள்ள வாய்ப்புள்ள ஒரே இடம் வகுப்பறை. அதற்காக ஒவ்வொரு குழந்தையையும் எப்பாடுபட்டாவது பொதுவகுப்பில் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்த மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள் உண்டு. இன்றிருக்கும் வகுப்பறையில் ஒரு நாள்கூடத் தாங்க முடியாத குழந்தைகள் உண்டு. சிறப்புப் பள்ளிகளில் பல்லாண்டு உழைத்து நம் ஊர்களில் இந்தத் துறையையே உருவாக்கியவர்கள் உண்டு. அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் அறிவு பொதுப்பள்ளிகளுக்கு வந்துசேர வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தங்கள் விருப்பப்படி இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. விருப்பம் என்பது அந்தப் பிரிவின் உயிர். அருகிலுள்ள பள்ளி கதவடைத்த பின் சிறப்புப் பள்ளிக்குப் போகும் குடும்பம் எதையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்கவும், ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப மாற்றங்கள் செய்து தரவும் அரசு 'முயல வேண்டும்' என்கிறது. அந்தத் தளர்ந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் அப்படித் தளர்வு இல்லை: சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையும் கூடாது, முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், ஒவ்வொரு அடுத்த மீறலுக்கும் 50,000 வரை. ஆறு வயதுக்குக் கீழே எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அது எட்டாது என்பது உண்மையான ஓட்டை. 'ரெடியானதும் வாங்க' என்ற பதில் அந்த வயதில்தான் அதிகம் சொல்லப்படுகிறது. அந்த ஓட்டையை மாநில அரசு ஓர் அரசாணையால் அடைக்க முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள், இந்தப் பிள்ளைகளின் சேர்க்கையைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கின்றன. அவர் யார், எந்த அறையில் இருக்கிறார், எந்த எண்ணில் பேசலாம் என்பது ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் சேர்க்கை தொடங்கும் முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுப்பு எப்போதும் வாய்மொழியாகவே வருகிறது, அதனால்தான் அதற்குக் கணக்கே இல்லை. சேர்க்க முடியாது என்று சொல்லும் பள்ளி அதைக் காரணத்தோடு கடிதத்தாளில் எழுதி, முத்திரை வைத்துப் பெற்றோரிடம் ஒரு பிரதியும் அந்த அலுவலருக்கு ஒரு பிரதியும் தர வேண்டும் என்று விதி வரட்டும்.